நிரம்பிய சர்வர், காலி வட்டு

திங்கட்கிழமை காலையிலிருந்து என் சர்வர் என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. வட்டு நிரம்பி வழிகிறது என்றது. எவ்வளவு அதிகமாகிவிட்டது என்று கேட்டால் ஒன்று புள்ளி நான்கு டெராபைட் என்றது. சரி, அது எந்த ஃபோல்டரில் என்று ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னால், எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு பென் டிரைவில் அடங்குகிற அளவுக்குத்தான் கணக்குக் காட்டியது. இடத்தைக் காணோம், எடுத்துக்கொண்டவனையும் காணோம்.

நெதர்லாந்தின் வடக்கே குரோனிங்கனில், புல்வெளிப் பறவைகளை ஆராய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் கணினிகளைக் கட்டி மேய்ப்பது என் வேலை. என்னோடு மேய்க்க இன்னொருவனும் இருக்கிறான், மென்னோ. இரண்டு பேருக்கும் பதினைந்து வருடமாக ஒரே அறை, ஒரே காபி மெஷின், ஒரே சண்டை. ஒரு பெரிய ஃபோல்டரை, அதற்குள் இருக்கும் ஃபோல்டர்கள், அதற்குள்ளும் இருப்பவை என்று அடிவரைக்கும் விடாமல் ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்குப் பிரதி எடுக்க எந்தக் கட்டளை நல்லது என்பதுதான் சண்டை. நான் ஆர்சிங்க் கட்சி. பாதியில் நின்றால் நின்ற இடத்திலிருந்து தொடரும், எது மாறியது என்று பார்த்து அதை மட்டும் எடுக்கும். மென்னோ டார் கட்சி. இந்தப் பக்கம் ஒரு டார் மூட்டை கட்டும், அந்தப் பக்கம் இன்னொரு டார் மூட்டையை அவிழ்க்கும், நடுவில் ஒரு குழாய். இருபது வயதில் கற்றுக்கொண்ட வரியை மனப்பாடமாக, கண்ணை மூடிக்கொண்டு தட்டுவான். அந்தக் கண்ணை மூடிக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்காது.

போன வெள்ளிக்கிழமையும் அதே சண்டை. எங்கள் பழைய சேமிப்புப் பெட்டி வாடகைக்கு எடுத்தது. ஒப்பந்தம் முடிந்து திங்கட்கிழமை எடுத்துப்போக ஆள் வருவதாக இருந்தது. அதற்குள் அதில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். கடைசியாக மிச்சமிருந்தது வீப்கெயின் க்ருட்டோ பதிவுகள். க்ருட்டோ என்பது தன் பெயரைத் தானே கத்திக்கொண்டு ஈரப் புல்வெளியில் நடக்கிற நீள மூக்குப் பறவை. வீப்கெ நான்கு வசந்தமும் விடியலில் ரப்பர் பூட்ஸோடு போய் அதன் குரலைப் பதிவு செய்தவள். அந்தக் குரல்கள்தான் அவளுடைய முனைவர் பட்டம். அவள் பதிவு செய்த வயல்களில் பாதியில் இப்போது சூரியத் தகடுகள் நிற்கின்றன. இன்னொரு முறை போய்ப் பதிவு செய்ய அங்கே பறவையே கிடையாது.

வீப்கெ சொந்தக் காசில் ஒரு புது வட்டு வாங்கி, அதன் மேல் பறவைப் படம் ஒட்டி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். மென்னோ அதை வாங்கி என் சர்வரில் செருகினான்.

“ஆர்சிங்க்ல போடு மென்னோ. நடுவுல நெட்வொர்க் படுத்துக்கிட்டா கூட விட்ட இடத்துலருந்து எடுக்கும்” என்றேன்.

“என்னோடது படுத்துக்கறதே இல்லையே தாயே. படுத்துக்கறவங்களுக்குத்தான் அதெல்லாம்.”

“முடிஞ்சதும் எண்ணியாவது பாரு.”

“நான் எண்ணாம எதையாவது விட்டிருக்கேனா? நீ போய் உன் பிரிண்டரைக் கவனி, அது அழுவுது.”

சாயங்காலம் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். எண்ணினான், இரண்டு பக்கமும் சரியாக இருந்தது, ஒரு கோப்புகூடக் குறையவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மென்னோ வேலைக்கு வருவதில்லை. வாரத்துக்கு நான்கு நாள்தான் அவனுக்கு. ஐந்தாவது நாளின் தலைவலி எல்லாம் எனக்கு. அன்று காலை வந்ததும் சர்வர் கத்தியது: வட்டு நிரம்பப்போகிறது. இது எனக்குப் பழகிய நோய்தான். அழித்துவிட்ட கோப்பை ஏதாவது ஒரு நிரல் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டால் பிடியை விட்டுவிடும். எதையும் தேடிப் பார்க்காமல் அணைத்துப் போட்டேன். அதே நேரத்தில் கீழே வாடகைக் கம்பெனிக்காரர்கள் லாரியோடு வந்துவிட்டார்கள். பழைய பெட்டியை ஏற்றிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி மேலே வந்தால் நோய் அப்படியே இருந்தது. இப்போது அதற்குமேல் பொய்யும் சேர்ந்திருந்தது.

திங்கள் முழுக்கத் தேடினேன். செவ்வாய் காலையும் தேடினேன். பதினொரு மணி வாக்கில் படிக்கட்டில் வீப்கெ எதிரே வந்தாள்.

“ஹில்யா, ஒரு நிமிஷம்... என் ஃபோல்டர்ல—”

“வீப்கெ, தயவுசெஞ்சு இப்ப வேண்டாம். எனக்குத் தலை வெடிச்சிரும் போலருக்கு.”

“இல்ல, சின்ன விஷயம்தான்... பரவால்ல, அப்புறம் சொல்றேன்” என்று ஒதுங்கி வழிவிட்டாள். இந்த வடக்கத்தி ஆட்களின் அடக்கம் ஒரு நாள் யாரையாவது கொல்லப்போகிறது.

மதியம் ரொட்டியும் மோரும் விழுங்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். பொய் சொல்கிற சர்வரோடு வாழ என்னால் முடியாது. அதில் இருப்பதெல்லாம் பிரிண்டர் வரிசையும் நிறுவனத்தின் இணையப் பக்கமும்தான். அவற்றின் பிரதி என்னிடம் தனியாக இருக்கிறது. வீப்கெயின் வட்டு வேறு, அதைத் தொட வேண்டியதில்லை. துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவினால் நிம்மதி. மதியத்துக்கு மேல் சர்வர் கிடையாது என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். நிறுவுகிற பென் டிரைவைச் செருகினேன். அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது. நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றேன். கடைசியில் சிவப்பில் வந்து நின்றது: இந்தச் சர்வரின் வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா?

அப்போது கதவில் மென்னோவின் தலை.

“கேக் வெட்டியாச்சு. எல்லாரும் உக்காந்தாச்சு. உன் நாற்காலி மட்டும்தான் காலியா இருக்கு.”

“நான் வேலையா இருக்கேன், தெரியல?”

“அறுபது வயசு ஒரு தடவைதான் வரும் ஹில்யா.”

“கடவுள் புண்ணியத்துல! ரெண்டு தடவை வந்தா யாரு தாங்கறது?”

“வா வா வா. ஆப்பிள் கேக். நானே சுட்டது.”

போனேன். போகாவிட்டால் ஒரு வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவான். எங்கள் ஊர்ப் பிறந்தநாள் எனக்குப் பிறந்ததிலிருந்து பிடிக்காத சடங்கு. பிறந்தவனே கேக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் நாற்காலிகளைச் சுற்றிப் போட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே வருகிறவர்கள் பிறந்தவனுக்கு மட்டுமல்ல, உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்துகள் சொல்ல வேண்டும். மென்னோவுக்கு அறுபது ஆனதற்குக் கணக்காளருக்கு எதற்கு வாழ்த்து? நான் யாருக்கும் கைகொடுக்காமல் நேராகப் போய் உட்கார்ந்தேன். மென்னோவுக்கும் கொடுக்கவில்லை. தட்டில் ஒரு துண்டு கேக் வந்தது. ஒரே ஒரு துண்டுதான். இரண்டாவது கேட்டால் மறுநாள் முழுக் கட்டடத்துக்கும் தெரிந்துவிடும்.

எதிரே வீப்கெ கேக்கைத் தொடாமல் தட்டை மடியில் வைத்திருந்தாள். பேச்சு ஓய்ந்த ஒரு நேரம் பார்த்து மெதுவாக ஆரம்பித்தாள்.

“மென்னோ, தப்பா நினைச்சுக்காதீங்க. பிறந்தநாள் அன்னைக்குக் கேக்கறேன். என் வட்டு... காலையில என் மேசையிலருந்து பாத்தேன். காலியா இருக்கற மாதிரி தெரியுது. எனக்குப் பாக்க அனுமதி இல்லையோ என்னவோ.”

“காலியா?” மென்னோ சிரித்தான். “ஒண்ணு புள்ளி நாலு டெராபைட்டும்மா. நான் எண்ணிருக்கேன். அனுமதிதான் எங்கயாவது இடிக்கும். நாளைக்குச் சரி பண்ணித் தரேன்.”

முள்கரண்டி என் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

“எவ்வளவு?” என்றேன்.

“ஒண்ணு புள்ளி நாலு. ஏன்?”

“மென்னோ. வெள்ளிக்கிழமை அந்த வட்டை மவுண்ட் பண்ணுனியா?”

“பின்னே? பூட் பட்டியல்லயே எழுதி வெச்சேனே. எப்ப சர்வர் ஏறுனாலும் வட்டு தானா வந்து உக்காரும்.”

“எழுதுனே சரி. எழுதிட்டு, மவுண்ட்னு கட்டளை கொடுத்தியா?”

அறுபது வருடமும் ஒரே நிமிடத்தில் அவன் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

எங்கள் சர்வர்களில் வட்டைச் செருகினால் மட்டும் போதாது. இந்த ஃபோல்டரின் மேல் வந்து உட்கார் என்று வட்டுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் மவுண்ட். சொல்லாவிட்டால் அந்த ஃபோல்டர் வெறும் ஃபோல்டர். அதில் கொட்டுவதெல்லாம் சர்வரின் சொந்த வட்டில் போய் விழும். யாரும் தடுக்கமாட்டார்கள், ஒரு எச்சரிக்கையும் வராது. மென்னோ வெள்ளிக்கிழமை கொட்டியது அப்படித்தான். எண்ணினபோது சரியாகத்தானே இருக்கும், கொட்டின இடத்திலேயே எண்ணினால்? திங்கட்கிழமை நான் என் புத்திசாலித்தனத்தில் சர்வரை அணைத்துப் போட்டேன். அது திரும்ப ஏறும்போது பட்டியலைப் படித்து, காலி வட்டை ஒழுங்காகக் கொண்டுவந்து அதே ஃபோல்டரின் மேல் உட்கார வைத்துவிட்டது. சோற்றுப் பானையின் மேல் காலித் தட்டை வைத்து மூடின மாதிரி. மேலே பார்த்தால் காலி. அடியில் நான்கு வசந்தமும் முழுசாக இருக்கின்றன. எண்ணப் போன என் கட்டளையும் தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

ஆக, அவளுடைய பறவைகள் என் சர்வரின் சொந்த வட்டில் இருந்தன. அதைத்தான் நான் துடைக்கப் போயிருந்தேன்.

போயிருந்தேனா, துடைத்தே விட்டேனா? சிவப்புக் கேள்வி நினைவிருந்தது. மென்னோவின் தலை நினைவிருந்தது. எரிச்சலில் எழுந்தது நினைவிருந்தது. எழுகிற வேகத்தில் என்டரைத் தட்டிவிட்டு எழுந்தேனா? யோசித்தேன், ஞாபகமே வரவில்லை. தட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. யாரோ “ஐயையோ, கேக்கு” என்றார்கள். நான் ஓடினேன்.

பின்னால் வீப்கெ கேட்பது காதில் விழுந்தது: “என்ன ஆச்சு? பழைய பெட்டியில இருக்குமில்ல? அவங்களுக்கு ஃபோன் பண்ணட்டுமா?”

“பண்ணு, பண்ணு” என்று மென்னோ சொல்லிவிட்டு என் பின்னாலேயே ஓடிவந்தான். இரண்டு மாடி. அவனுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு மூச்சே வரவில்லை.

அறைக்குள் திரை சிவப்பாக இருந்தது. அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா? ஆமாம் என்பதன் மேல் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் தட்டவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மென்னோ வந்தான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குனிந்து சர்வரை அணைத்தான். பென் டிரைவை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். திரும்பவும் சர்வரைப் போட்டான்.

அது ஏறிக்கொண்டிருக்கும்போதே வீப்கெ வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“நேத்து சாயங்காலமே எல்லாத்தையும் அழிச்சுட்டாங்களாம். சான்றிதழ் மெயில்ல அனுப்பட்டுமான்னு கேக்கறாங்க” என்றாள். “அப்ப எல்லாம் போச்சா? நாலு வருஷமும்?”

“கொஞ்சம் இரு” என்றேன்.

சர்வர் ஏறியது. காலி வட்டை எழுந்திருக்கச் சொன்னேன். எழுந்தது. ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். திரை முழுக்கக் கீழிருந்து மேலாக ஓட ஆரம்பித்தது. ஏப்ரல், மே, ஜூன். ஒவ்வொரு வயலின் பெயரும், விவசாயிகளின் பெயரும், காற்று, மழை என்று அவள் வைத்த பெயர்களும் நிற்காமல் ஓடின. வீப்கெ தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏதோ ஒன்றைத் திறந்து ஓடவிட்டேன். சர்வர்களின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு பறவை தன் பெயரைக் கத்தியது. அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

“பாத்தியா” என்றான் மென்னோ. “பிரதி சுத்தமா இருக்கு. ஒரு பைட்கூடக் குறையல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மனுஷனா நீ? சுத்தமா இருக்காம்! தப்பான இடத்துல சுத்தமா இருக்கு! இவ உயிரு போயி வந்திருக்கு, உனக்கு உன் டார் பெருமை! கண்ணை மூடிட்டுத் தட்டாதே, தட்டாதேன்னு பதினஞ்சு வருஷமா நாயா கத்தறேன். ஒரு வரி! மவுண்ட்டுனு ஒரு வரி! அது உன் விரலுக்கு வலிச்சுதா?”

வாசலில் இப்போது பாதி நிறுவனம் கேக் தட்டுகளோடு நின்றது. மென்னோ தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

“ஆமா. முழுக்க என் முட்டாள்தனம்” என்றான். “ஹில்யா மட்டும் கண்டுபிடிக்கலைன்னா அவ்வளவுதான்.”

வீப்கெ எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “ரொம்ப நன்றி. நீங்கதான் காப்பாத்துனீங்க” என்றாள் என் தோளில். வாசலில் நின்றவர்கள் வாழ்த்துகள் ஹில்யா என்றார்கள். கணக்காளர் கைகூடக் கொடுத்தார்.

அவள் தலைக்கு மேலாக நான் மென்னோவைப் பார்த்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவின் நீல நாடா ஒரு விரல் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை உள்ளே தள்ளினான். பிறகு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தான்.

இதைவிட எரிச்சலான ஒன்றை என் வாழ்க்கையில் நான் அனுபவித்ததில்லை. இத்தனை பேர் முன்னால் நான் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறேன். அவனோ வாயைத் திறக்கவில்லை. பிறந்தநாளும் அதுவுமாக, என் பாவத்தையும் சேர்த்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிற்கிறான். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த ஆளுக்குக் கடன்பட்டு இதே அறையில் ஓய்வு பெறும்வரை உட்கார என்னால் முடியாது. அதுவும் போக, என் தோள் ஈரமாக இருந்தது.

“வீப்கெ, நான் காப்பாத்தல” என்றேன். “அந்த பென் டிரைவை வெளிய எடு மென்னோ.”

“எந்த பென் டிரைவ்?”

“நடிக்காதே. எடு.”

எடுத்தான்.

“இதைப் போட்டு இந்த வட்டைத் துடைக்கப் போனேன். அழிக்கவான்னு கேட்டுச்சு. தட்டப் போற நேரத்துல இவன் வந்து கேக்கு கேக்குன்னு உயிரை எடுத்தான். எரிச்சலோட எழுந்து வந்தேன். இல்லைன்னா இந்நேரம் உன் பறவை ஒண்ணுகூட இல்ல. காலையில நீ படிக்கட்டுல சொல்ல வந்தே. அதையும் நான்தான் கேக்கல.”

வீப்கெ என்னை விட்டு ஓரடி பின்னால் போனாள். வாசலில் ஒருவர் மெல்ல கேக்கை மென்றார்.

“எந்த கீ?” என்றாள்.

“என்ன?”

“எந்த கீயைத் தட்டியிருந்தா போயிருக்கும்?”

“என்டர்.”

அவள் என் நாற்காலியை இழுத்தாள். கீபோர்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு அடக்கமான பெண்ணின் குரல் இப்படி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

“இப்ப என் வட்டுக்கு என் பதிவுகளைப் போடறீங்க. என்ன கட்டளை வேணா எழுதுங்க. என்டர் மட்டும் நான்தான் தட்டுவேன்.”

நானும் மென்னோவும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

“ஆர்சிங்க்லயே போடு” என்றான் மென்னோ.

“வேண்டாம், உன் டாரையே போடு. பிரதி எடுத்ததுல குறை ஒண்ணும் இல்லையே.”

“இல்ல ஹில்யா, நீ சொன்னதுதான் சரி. பாதியில நின்னா—”

“நீதானே நிக்காதுன்னு—”

“ஐயோ!” என்று கத்தினாள் வீப்கெ. “ஏதாவது ஒண்ணை எழுதித் தொலைங்களேன்!”

ஆர்சிங்க் எழுதினேன். வட்டை வேறொரு ஃபோல்டரில் உட்கார வைத்தோம்.

“உக்காந்திருக்கா?” என்றாள் வீப்கெ.

“உக்காந்திருக்கு” என்றேன்.

“காட்டுங்க.”

காட்டினேன். மென்னோவிடமும் கேட்டாள். அவனும் காட்டினான். வட்டின் விளக்கை அவளே குனிந்து பார்த்தாள். பறவைப் படத்தின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை அழுத்தி ஒட்டினாள். பிறகு என்டரைத் தட்டினாள். விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது.

வாசலில் நின்றவர்கள் கலைந்து போனார்கள். முடிய நேரமாகும் என்று சொன்னேன். வீப்கெ அசையவில்லை. மென்னோ கீழே போய் அவளுக்குக் கேக்கும் காபியும் கொண்டுவந்து வைத்தான். எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தான். இரண்டாவது துண்டு.

“என்னோடது கீழ விழுந்துருச்சு, அதான். ரெண்டாவதுன்னு வெளிய சொல்லிராதே” என்றேன்.

“சொல்லமாட்டேன்” என்றான். இவன் சொல்லமாட்டான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனுக்குக் கை நீட்டினேன். “வாழ்த்துகள், மென்னோ.” பதினைந்து வருடத்தில் முதல் முறை. அவன் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கு குலுக்கு என்று குலுக்கினான். கையை விடுவித்துக்கொள்ள நான் இழுக்க வேண்டியிருந்தது.

சடங்கு என்றால் முழுச் சடங்காக இருக்கட்டும் என்று வீப்கெயின் பக்கம் திரும்பினேன்.

“மென்னோவோட பிறந்தநாளுக்கு உனக்கும் வாழ்த்துகள், வீப்கெ.”

அவள் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டிக் குலுக்கினாள். வலது கையைக் கீபோர்டிலிருந்து எடுக்கவில்லை.